நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளின் நத்தையக்காவுக்கு

ஓட்டழகில் உலகமே மயங்கி நிற்க, நாவின் நுண்பற்களை நோக்கி நத்தையின் குலம் சொன்ன நுண்ணறிவே! சிப்பியைத் துளைத்து உயிர்குடிக்கும் கடல்நத்தைகளும் உங்களைக் கண்டால் நடுநடுங்கி, "இந்தாங்க, நாக்கு" என்று தாமே நீட்டும் தகைசால் தலைவியே! எங்கள் அருங்காட்சியகத்துச் சங்கறையின் அக்காவே, வணக்கம்!

சென்ற ஆண்டே ஓய்வுபெற்று, பகல் பதினொன்றுவரை உறங்கும் பேரின்பம் எய்திய, ஓடுகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டிவந்த பழைய சீட்டெழுத்தன், 'பசைடப்பா' என்று நீங்கள் பட்டம் சூட்டிய நான், ஊழியர் அனைவர் சார்பிலும் இதை வரைகிறேன். புளுகு வேண்டுமென்றால் என்னைத்தானே கூப்பிடுவார்கள்!

முப்பத்தோராண்டு ஒரே நாற்காலி! அதன் கால்கள் தேய்ந்து தேய்ந்து இன்று நீங்கள் ஏறக்குறையத் தரையில் அமர்ந்திருக்கிறீர்கள். நுண்ணோக்கியில் நீங்கள் எண்ணிய பற்களை வரிசையாக அடுக்கினால் நிலாவைத் தொட்டுத் திரும்பலாம். அப்படி எண்ணித்தான் பதினோரு இனங்களைப் பெருங்குடும்பத்திலிருந்து பிரித்துத் தனிக்குடும்பம் ஆக்கினீர்கள். "தனிக்குடித்தனம் வெச்சுக் குடுத்துட்டேன்" என்று அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடிப் பெட்டிகள் அதிர்ந்தன.

இனிப் புளுகு இல்லை.

சென்ற மாதம் மரபணு அறிக்கை வந்தது. பதினொன்றும் பழைய குடும்பமேதான். உங்கள் பணிநிறைவு விழா முடியும்வரை உங்கள் கண்ணில் படாதிருக்க, உடைந்த ஓடுகளின் அடி இழுப்பறையில் அதை ஒளித்தோம், யோசனை என்னுடையது. வெள்ளிதோறும் ஓர் இழுப்பறை விடாமல் திறந்து பார்ப்பவர் நீங்கள் என்பதை மறந்த மடையன் நான்! நின்றபடியே படித்தீர்கள்.

"ஏம்ப்பா, இதப் போய் ஒளிச்சு வெச்சீங்க? நத்தை என்ன பண்ணும், நான்தானே தப்பாப் பிரிச்சேன்."

அவ்வளவுதான். வெற்றுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு அமர்ந்தீர்கள். அந்தப் பதினோரு இனத்தின் நானூற்றுப் பன்னிரண்டு ஓடுகள், ஒவ்வொன்றுக்கும் திருத்திய சீட்டு, ஒன்பது நாள். எழுதியதை ஒட்டித்தர என்னையும் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்தீர்கள். நேற்று மாலை எஞ்சியது ஒன்றே ஒன்று, நீங்கள் முதன்முதலில் பிரித்த அந்த ஓடு. அதை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

"இத மட்டும் நீங்க எழுதிடுங்க, பசைடப்பா. எனக்குக் கை வரல."

எழுதிவிட்டேன், அக்கா. பழைய சீட்டை எறிவது நம் அறையில் வழக்கமில்லையே. புதியதன் அடியில் அன்று நீங்களே கைப்பட எழுதிய சீட்டு அப்படியே இருக்கிறது. இனி வருவோர் மேற்சீட்டைத் தூக்கினால், வகுத்த கையும் திருத்திய கையும் ஒன்றே என்று காண்பார்கள், அந்த ஓர் ஓட்டில் தவிர.

உடல் நலமும் உள்ள அமைதியும் உடன்வர, நூறாண்டு தாண்டியும் வாழ்க! பதினொன்றுவரை உறங்குக! வெள்ளிக்கிழமை கை பரபரத்தால் வாருங்கள். இழுப்பறைகள் திறந்திருக்கும், இனி எதையும் ஒளிக்கமாட்டோம்.

கண்கலங்கும்
சங்கறை ஊழியர்கள்,
அவர்களோடு பசைடப்பா