மூணுகிட்ட ஏழு ஜெயிச்ச கதை

— இன்னாமே தேவயானி, சீக்கிரம் உள்ள வந்து பாரு! நீ என் தங்கச்சி கோகிலாவ பஸ் ஏத்தி வுட்டுட்டு டீ வாங்கினு வர்றதுக்குள்ள முடிச்சிட்டு சும்மா உக்காந்துனு இருக்குது.

— எதுங்க? புது லேப்டாப்பா?

— அதேதான். விடியறப்போ ரெண்டுலயும் போட்டி வெச்சி ஓட்டின அதே வீடியோ எடிட்டிங் வேல, ரங்கன் வூட்டு கல்யாணம். அப்போ இது பாதி கூட தாண்டல, பழைய லேப்டாப்பு முழுசா முடிச்சிட்டு நின்னுச்சு. நீயும்தான பாத்த?

— பாத்தேனே. கோகிலா கூட கை தட்டி, "கெழவன் ஜெயிச்சிட்டான் அண்ணி"ன்னு சிரிச்சாளே.

— அதான் எனக்கு ஒண்ணுமே வெளங்கல. பழசுக்குள்ள இருக்கற சிப்பு ஐ-செவன், புதுசுல ஐ-த்ரீ. மூணவிட ஏழு பெருசு, ஜெயிச்சது ஞாயந்தான்னு வுட்டுட்டேன். இப்ப பாத்தா மூணு பறக்குது.

— கூடவே வேற ஒரு நம்பரும் சொன்னீங்களே?

— அது அந்தச் சிப்போட தலைமுறை. பழசு நாலாந் தலைமுறை, புதுசு பன்னெண்டாந் தலைமுறை.

— அப்போ ஏழு பெருசா, பன்னெண்டு பெருசா?

— அதத்தான்மே நானும் ஒக்காந்து யோசிக்கறேன்! தல சுத்துது.

— தலைமுறைய மட்டும் நம்பாதீங்க. ஒங்க தாத்தா புளி மூட்டைய தலையில வெச்சிகினு மலையிலருந்து செங்கம் சந்தைக்கு நடந்தே எறங்குவாராம். நீங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவ வண்டி தேடறீங்க.

— வெளையாடாத தேவயானி. எனக்கு வயிறு எரியுது.

— எதுக்குங்க?

— எதுக்கா? எங்க வூட்டு வழக்கம் ஒனக்குத் தெரியாதா? எங்கப்பன் புளியமரம் பிரிச்சப்பவும் இதான். மூத்தவன் கூறு வெக்கணும், எளையவங்க மொதல்ல கை வெக்கணும். கை வெச்ச கூறு மாறாது. அதனாலதான் எது ஒசத்தின்னு ஒளிக்காம, ரெண்டையும் அவ கண்ணெதிர்லயே ஓட்டிக் காட்டினேன். ஜெயிச்ச பழசு மேல கை வெச்சா. தூக்கினு போய்ட்டா.

— அவளா பாத்து எடுத்ததுதான?

— ஏமாந்துதான்மே எடுத்தா! இத்தன வருசம் இந்த வீடியோ கடையில என்கூட நின்னவ. இப்ப செங்கத்துல தனியா கடை தொறக்கப் போறா. அங்க தெருவுக்குத் தெரு கடை. ஆடி ஆடி ஓடற மெஷின வெச்சிருந்தா வீடியோ குடுக்க வர்றவன் நிப்பானா? நல்லத அண்ணங்காரன் பதுக்கிகினு, ஒதவாதத அவ தலையில கட்டிட்டான்னு ஊரு பேசும். அவ ஒரு வார்த்த பேச மாட்டா. அதான் எனக்குத் தாங்கல.

— அப்போ கரெண்டு கம்மியா இருந்திருக்கும்.

— ரெண்டும் ஒரே போர்டுலதான் சொருகி இருந்துச்சு.

— இல்லன்னா சாமி பாத்துருக்கும். ஒத்த வெரல்ல தட்டற ஆளுக்கு மெஷினாவது வேகமா இருக்கட்டும்னு.

— கிண்டலா?

— சரி, பனியா இருக்கும். பொங்கல் போயும் நமக்கே கை வெறைக்குது. அது மட்டும் வெறைக்காதா?

— மெஷினுக்கு குளுருதான்மே புடிக்கும். சூடாச்சுன்னாதான் தானா நடைய கொறச்சிக்கும். கோகிலா தெனமும் கத்துவாளே. மெத்த மேல லேப்டாப் வெச்சி ஓட்டறேன்னு யாராச்சும் சொன்னாப் போதும், "அடியில மூச்சு வுடற ஓட்டைய அடைக்காதீங்க"ன்னு... இரு. இப்ப இத வெறும் முக்காலி மேல வெச்சி ஓட்டினேன். விடியறப்போ இது எங்க இருந்துச்சு?

— அந்த மேசையிலதான். கூறு வெறும் பலகையில வெக்கக் கூடாதுன்னு நேத்து சாயங்காலமே மஞ்ச துணி விரிச்சிட்டுப் போனேன். பழசு எப்பவும் போல அதோட மரக்கட்ட மேல நின்னுச்சு.

— துணி மெத்துனு இருக்குதே. அடியில இன்னா... தேவயானி! இது இன்னா கம்பளி?

— கம்பளியா?

— நாலா மடிச்சி துணிக்கு அடியில வெச்சிருக்குது பாரு! அது இதுல பொதஞ்சி மூச்சு முட்டிக் கெடந்துருக்குது. நான் பைத்தியக்காரன் மாதிரி ஏழா மூணான்னு கணக்கு போட்டுனு இருக்கேன்.

— அத யாரு வெச்சது?

— என்னக் கேக்கறியா? துணி விரிச்சவ நீ.

— துணி விரிச்சேங்க. கம்பளி எனக்குத் தெரியாது.

— புதுசு நம்மகிட்டயே நிக்கணும்னு பண்ணிட்ட. கூடப் பொறந்தவள ஏமாத்த வெச்சிட்டியேமே என்ன!

— இந்த வாயால இதச் சொல்றீங்களா? அந்தப் பொண்ணு காலேஜ் போறப்போ தெனம் சோறு கட்டிக் குடுத்தவ நான். அவள ஏமாத்தி எனக்கு இன்னா ஆவணும்?

— அப்போ கம்பளி தானா நடந்து வந்துச்சா? போன் போடறேன் அவளுக்கு... ச்சே, டவரே கெடைக்கல. பஸ்சு மலை எறங்கினு இருக்கும். கெடைச்சாலும் இன்னா மூஞ்சிய வெச்சிகினு பேசறது? அழாத. அழுதா ஆச்சா? ஏதாச்சும் சொல்லு.

— நான் அதுக்கு அழல. ஜன்னலோரமா கையக் கட்டிக்கினு, ஒடுங்கி உக்காந்துனு போனா ஒங்க தங்கச்சி. இந்தக் குளுர்ல போத்திக்க ஒண்ணும் இல்லியாம்மான்னு கேட்டேன். "கீழ எறங்கினா வெயிலு அண்ணி"ன்னு சிரிச்சா.

— அவ சிரிச்சதுக்கும் இதுக்கும் இன்னாமே சம்பந்தம்?

— கம்பளிய இப்படிக் குடுங்க, சொல்றேன். விடியக்காத்தால என்கிட்ட சாவி வாங்கினு, நமக்கு முன்னாடி வந்து கடையத் தொறந்தது அவதான். சாவி வாங்க வந்தப்போ இதத்தான் போத்திகினு இருந்தா.