நானூற்றுப் பன்னிரண்டு முதல் தடவைகள்

நல்ல தொடர் பார்க்கத் துணை வேண்டும், மேடம். தனியாக உட்கார்ந்து பார்ப்பது தனக்குத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்வது மாதிரி. விரல்தான் வலிக்கும், சிரிப்பு வராது.

உங்கள் மேசையில் குவிந்திருக்கும் கோப்புகளைப் பார்த்தால் உங்களுக்குத் தொலைக்காட்சி பார்க்க நேரம் இருக்காது என்று தெரிகிறது. அதனால் நானே சொல்கிறேன். 'சாம்பல் சுற்று' என்று ஒரு விண்வெளித் தொடர். எனக்குப் பதினேழு வயதில் வந்தது. மொத்தம் இருபத்தாறு எபிசோட். நான் செய்த காரியம் முழுக்க அதில் பதினோராவது எபிசோடைச் சேர்ந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், ஆள் ஒரு மாதிரி என்று எழுதிக்கொண்டு பேனாவை மூடிவிடுவீர்கள்.

எங்கோ தொலைவில் ஒரு நிலையம். அதில் ஆறு பேர். வெளியே காற்று கிடையாது, ஈ எறும்பு கிடையாது. ஆறு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மெக்கானிக் அடிக்கிற ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போது வெளிக்கதவை யாரோ தட்டுகிறார்கள். எண்ணிப் பார்க்கிறார்கள். ஆறு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஸ்பீக்கரைப் போட்டால் அதே மெக்கானிக்கின் குரல். "கதவைத் திறங்கப்பா, இன்னும் நாற்பது நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு." எபிசோடிலும் அதற்கு மேல் சரியாக நாற்பது நிமிஷம்தான் பாக்கி.

யார் நிஜம், யார் நகல் என்று தளபதி முடிவு செய்தாக வேண்டும். ஒன்பதாவது நிமிஷத்தில் உள்ளே இருக்கும் மெக்கானிக் ஸ்பேனரை இடது கையால் எடுக்கிறார். தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தில் வலது கையால் எடுத்திருப்பார். முதல் தடவை பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கடைசியில் தளபதி கதவைத் திறக்காமலே இருந்துவிடுகிறாள். தட்டுகிற சத்தம் மெதுவாகி நின்றுபோகிறது. உள்ளே இருப்பவர் இடது கையால் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறார். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும்.

மன்னிக்க வேண்டும். உங்கள் முதல் தடவையைக் கெடுத்துவிட்டேன். இந்த மொத்த விவகாரத்தில் எனக்கு உண்மையாகவே உறுத்துவது இது ஒன்றுதான்.

நான் அதை விடுதியில் தனியாகப் பார்த்தேன். டம்ளரை எடுத்த அந்த நொடியில் முதுகில் ஐஸ் வைத்தது போல் இருந்தது. அடுத்த வாரம் மறு ஒளிபரப்பில் பார்த்தபோது எல்லாம் அப்படியே இருந்தது, ஐஸ் மட்டும் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அது திரும்ப வராது என்று புரிந்துகொண்டேன். பக்கத்தில் முதல் தடவை பார்க்கிற ஒருவர் இருந்தால் மட்டும் கொஞ்சம் வரும், அவர் முகத்தின் வழியாக.

முப்பது வருஷமாக ஆள் பிடித்தேன். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துகிறவன். கடையில் கண் பரிசோதிப்பவரைக் கூட்டி வந்தேன். அவர் எபிசோட் முழுக்கப் போனில் வாழைப்பழ விலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாவது நிமிஷத்தில், "உள்ள இருக்கிறவன் டூப்பு, கைய மாத்திட்டான்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். நாங்கள் பிரிந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை.

இப்போது அக்காவுக்கு வருகிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பத்தொன்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினாள். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள், யாருக்கு முழங்கால் வலி, யாருக்காக அரை நிமிஷம் கூட நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அத்தான் போன பிறகு மகளைத் தனியாகவே வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டாள். பழசெல்லாம் ஞாபகம் இருந்தது. புதிதாக எதுவும் ஒட்டவில்லை. கவனம் கலைந்தால் போதும், அதற்கு முன் நடந்தது துடைத்த பலகை மாதிரி ஆகிவிடும். மகள் குடியிருப்பது வேறு ஊரில், அப்போது மாசமாக இருந்தாள். "நான் பாத்துக்கிறேன், நீ உன் உடம்பப் பாரு" என்று சொல்லி அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த ஒரு வாரத்தில், ஒரு மத்தியானம், நாலு மணிக்கு அந்த எபிசோடைப் போட்டேன். பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. கதவு தட்டப்பட்டதும் அக்கா சோபாவில் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டாள். முப்பதாவது நிமிஷத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பஸ் ஓட்டிய கை, மேடம். வளையல் போட்ட மாதிரித் தடம் விழுந்துவிட்டது. டம்ளரைப் பார்த்ததும், "அடப்பாவி, உள்ள இருக்கிறவன்டா அது" என்றாள். என் முதுகில் முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த ஐஸ்.

மறுநாள் டீ கொடுக்கும்போது, "அக்கா, 'சாம்பல் சுற்று' பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"அது என்னடா, சோப்பு வெளம்பரமா?" என்றாள்.

அன்றைக்கு நான் சமையலறையில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

அப்படித்தான் தினமும் ஆனது. காலையில் அவளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டுக் கடைக்குப் போவேன். மூன்று மணிக்கு வந்துவிடுவேன். நாலு மணிக்கு டீ, முறுக்கு, எபிசோட். ஒவ்வொரு நாளும் அவள் தளபதியைத் திட்டினாள். ஒவ்வொரு நாளும் வெளியே நிற்கிறவனுக்காகக் கண் கலங்கினாள். ஒரு நாள் எழுந்து நின்று திரையைப் பார்த்து, "தொறடி கதவ" என்றாள். அந்த மாதிரி ரசிகை அந்தத் தொடரை எடுத்தவர்களுக்கே கிடைத்திருக்க மாட்டாள்.

நரம்பு டாக்டர் நல்ல மனுஷி. படம் போட்டு விளக்கினார். காய்ச்சல் போன பிறகும் மூளையில் ஞாபகம் சேர்கிற இடத்தில் சின்னச் சின்ன வலிப்பு வந்துகொண்டே இருக்கிறது, கை கால் இழுக்காது, வெளியே தெரியாது, ஆனால் அன்றன்றைக்குச் சேர்ந்ததை அழித்துவிடுகிறது என்றார். அதற்கு மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. கூடவே ஒரு நோட்டு, நடப்பதையெல்லாம் அவள் கையாலேயே எழுதிப் படிக்க வேண்டும். "முதல் ஒரு வருஷம் ரொம்ப முக்கியம். விட்டுட்டா அந்த இடம் தழும்பாயிடும், அப்புறம் மாத்திரை குடுத்தும் பலன் இருக்காது. சரியா குடுத்தா அவங்க டிப்போவுல உக்காந்து வேலை பாக்கற அளவுக்கு வந்துடுவாங்க" என்றார். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

சரியாகத்தான் கொடுத்தேன், ஏழு வாரம். எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது நிமிஷத்தில் அக்கா சொன்னாள், "இடது கைல எடுக்கறான் பாரு." அவள் புத்திசாலி, அதனால் கவனித்திருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் கதவு தட்டுவதற்கு முன்னாலேயே சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை டீயைக் குடித்துக்கொண்டே, "பாவம்டா, கடைசி வரைக்கும் தொறக்க மாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே ஆச்சரியம். "எனக்கு எப்படித் தெரியும்? தம்பி, எனக்கு ஞாபகம் வருதுடா." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

நானும் அழுதேன். அவள் ஒரு காரணம் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மாற்றினேன். மருந்துக் கடையில் அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை கிடைத்தது. ஒரு வித்தியாசம், நிஜ மாத்திரையில் நடுவில் ஒரு கோடு உண்டு. ஃபிரேம் சீவுகிற சின்ன அரத்தால் ஒவ்வொன்றிலும் அந்தக் கோட்டைப் போட்டேன். ஒரு மாதத்துக்கு அறுபது மாத்திரை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. தொழில் சுத்தம் முக்கியம் இல்லையா. நிஜ மாத்திரைகளை எறியவில்லை. அலமாரியில் தேதி வாரியாக அடுக்கி வைத்தேன். உங்கள் ஆட்கள் எடுத்து வந்திருப்பார்கள்.

பத்து நாளில் அக்கா திரும்பி வந்துவிட்டாள். கதவு தட்டியதும் கால் மேலே போனது, என் மணிக்கட்டில் வளையல் விழுந்தது. வீட்டில் மறுபடியும் வெளிச்சம்.

அவளுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அந்தச் செய்தியை ஒரு தடவைதான் கேட்பார்கள். அக்கா கிட்டத்தட்ட தினமும் கேட்டாள், தினமும் பாட்டியானாள். யாருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்? காலையில் எழுந்ததும் யூனிஃபார்மைத் தேடுவாள். "லீவு முடிஞ்சுதா? டிப்போவுல தேடுவாங்கடா" என்பாள். இன்னும் ரெண்டு நாள் இருக்கு அக்கா என்பேன். உடனே முகம் மலர்ந்துவிடும். நானூறு நாளுக்கு மேல் அவள் லீவில் இருந்தாள். ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு இப்போது என்ன கேள்வி வரும் என்று தெரியும். அக்காவுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும் மேடம்.

அந்த முதல் ஏழு வாரத்தில் நோட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: 'மாத்திரை வேப்பங்காய்க் கசப்பு. தண்ணீர் நிறைய குடி.' சத்து மாத்திரை லேசாக இனிக்கும். ஒரு காலை நோட்டைப் புரட்டிக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டவள், துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, இது கசக்கலையே."

"கம்பெனி மாத்திட்டாங்க அக்கா."

"பொய் சொல்ற. சின்ன வயசுலேர்ந்து பொய் சொல்லும்போது காதத் தடவுவ."

நான் கையைக் கீழே இறக்கினேன். அவளிடம் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முழுக்கச் சொல்லிவிட்டேன், இப்போது உங்களிடம் சொல்வது மாதிரியே, எபிசோட், ஐஸ், அரம், எல்லாம். அவள் அந்த மாத்திரையை மேசையில் வைத்தாள். பிறகு, "என் பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் தூக்கினேனா?"

இரண்டு தடவை தூக்கினாய் என்றேன்.

நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். 'மாத்திரையை மாற்றிவிட்டான். மகளுக்குப் போன் செய்.' எழுதியதை வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள், கவனம் கலைந்துவிடக் கூடாது என்று. மாத்திரையை மாத்திட்டான், பொண்ணுக்குப் போன் பண்ணு, மாத்திரையை மாத்திட்டான், பொண்ணுக்குப் போன் பண்ணு. அப்படிச் சொல்லிக்கொண்டே போனைத் தேடினாள். போன் என் சட்டைப் பையில் இருந்தது. நான் ஓடவில்லை, கையைப் பிடிக்கவில்லை, அவள் மேல் ஒரு சுடுசொல் கிடையாது. சமையலறைக்குப் போய் ஒரு பீங்கான் தட்டைத் தரையில் போட்டு உடைத்தேன்.

அக்கா ஓடி வந்தாள். "கைல பட்டுச்சா? அசையாத, கால் வைக்காத, நான் கூட்டறேன்." துடைப்பத்தை எடுத்து வந்து, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் என்னைப் பற்றிய கவலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தேன். கசப்பு வரி வேறு பக்கத்தில் இருந்தது, எனக்குத் தோன்றவில்லை. அதனால் இன்னும் இரண்டு தடவை கண்டுபிடித்தாள். இன்னும் இரண்டு தட்டு போயிற்று. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் அந்த வரியையும் எடுத்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தையோடு ஊரிலிருந்து வந்த மகள், நான் கடையில் இருந்தபோது அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போய் ரத்தம் எடுக்கச் சொன்னாள். ரத்தத்தில் அந்த மருந்து துளியும் இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இனி ஞாபகம் திரும்பாது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தே நிறுத்தினேன். அது ஆகும்வரை பொறுமையாக இருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு தடவை போட்டுக் காட்டினேன், அவளுக்கு ஞாபகம் வந்த அந்தச் சில நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கொலைகாரன் என்று கத்துவதுதான் எனக்கு விளங்கவில்லை. பாதிக்கப்பட்டவள் அவள் அம்மா. அவளிடம் மூன்று தடவை நேருக்கு நேராக உண்மையைச் சொன்னேன். மூன்று தடவையும், தட்டுச் சில்லைக் கூட்டி முடிப்பதற்குள், அக்கா என்னை மனதார மன்னித்துவிட்டாள்.