பாஞ்சோப் புத்தகத்தின் வயது

பழைய இசைப் புத்தகத்துக்கு வயது சொல்வது, சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரிதான் ஐயா. மேல்தோற்றத்தை நம்பக் கூடாது. அந்தக் காலத்து மேல்நாட்டுக் கடைக்காரர்கள் இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் வருடம் போடமாட்டார்கள். போட்டால் மறுவருடமே பழசாகிவிடும், விற்காது. ஆனால் பக்கத்தின் அடியில் அச்சுத் தகட்டின் எண் இருக்கும். எந்த எண் எந்த வருடம் என்பதற்குப் பட்டியல் உண்டு.

நான் ஞானமணி, ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலில், பாடகர்கள் நிற்கும் மேல்மாடத்தில் ஒரு பாஞ்சோ இசைத் தொகுப்பு இருக்கிறது. என் தாத்தாவின் அப்பா சவரிமுத்து, இலங்கையிலிருந்து அந்த நரம்பு வாத்தியத்தோடு கொண்டுவந்த புத்தகம் அது என்று ஊர்ச் சரித்திரத்தில் எழுதியவன் நான். தகட்டு எண்ணின்படி 1889. கோயில் சுவரில் அவர் பெயருக்குக் கல் வைத்தார்கள். முப்பது வருடமாகத் திருவிழாவில் எனக்கு முதல் நாற்காலி.

மெர்லின் அறந்தாங்கிப் பெண், ஆராய்ச்சி மாணவி. கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. வந்த மூன்றாம் நாளே சொன்னாள்:

“சார், தகடு 1889ன்னா தாளும் அதே வருசமா இருக்கணும்னு இல்லைங்க. ஒரே தகட்டை வச்சு நாப்பது வருசம்கூட அடிச்சிருப்பாங்க. நீர்க்குறியைப் பாத்துட்டாப் போதும்.”

நீர்க்குறி என்பது தாள் செய்யும்போதே உள்ளே பதிகிற அடையாளம். சில ஆலைகள் அதில் வருடத்தையும் போடும். சவரிமுத்து இறந்தது 1911இல். தாள் அதற்குப் பிந்தியது என்றால் கல்லைப் பெயர்க்க வேண்டியதுதான். என்னை அதன்பிறகு நாய்கூட மதிக்காது. அவளுக்கு அது ஒரு அடிக்குறிப்பு. எனக்கு அந்த முதல் நாற்காலி.

செல்போன் விளக்கை அடியில் பிடித்துப் பார்த்தாள். தடித்த தாள், மங்கலாகத்தான் தெரிந்தது. புத்தகம் மாடத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. நல்ல வெளிச்சம் மேற்கு ஜன்னலில், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும். அந்த ஜன்னலுக்கு முன்னால் பலகையெல்லாம் கரையான். கோயில் பெருக்கும் சந்தனமேரி குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டுவைத்து, “அங்கிட்டு மட்டும் போயிராதீங்க சார்” என்று என்னிடம்தான் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெஞ்சை நான் சுவரோரமாக நகர்த்தினேன். யாரையும் தள்ளவில்லை. முழங்கால் வலி, அதிலேயே உட்கார்ந்தேன். மெர்லின் தையல் விட்ட ஒரு தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலை நோக்கி நடந்தாள். நீர்க்குறி பார்க்கிறவர்கள் யாரும் காலடியைப் பார்ப்பதில்லை.

“சார், ஏதோ நம்பர் தெரியுதுங்க,” என்றாள்.

கீழே கருங்கல் தரை. நான் படியிறங்கிப் போய்த் தாளை எடுத்தேன், மேலே ஏறிப் புத்தகத்துக்குள் வைத்தேன், பிறகு ஆளைக் கூப்பிட்டேன். மூச்சு இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஆட்கள் ஓடிவந்தால் தாள் மிதிபட்டுவிடும், அதனால்தான்.

பெஞ்சைச் சரியாகப் போடவில்லை என்று சந்தனமேரியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். “நான் குறுக்கதானே போட்டிருந்தேன்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க சார்” என்று ஒன்பது நாளாக என் வாசலில் வந்து அழுதாள். இதோ ஸ்டேஷனுக்கே வந்து சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஏழைமேல் பழி விழக் கூடாது. எனக்கும் மனசாட்சி உண்டு.

மெர்லின் விஷயத்தில் எனக்கு இன்னமும் கசப்புத்தான். அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஊர்ச் சரித்திரத்தைத் திருத்த வந்துவிட்டாள். ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டாமா? அந்தத் தாளை அன்றே கிழித்துப் போட்டிருந்தால் ஒரு உயிர் மிஞ்சியிருக்குமே என்பீர்கள். நூறு வருடத் தாள் ஐயா, கிழிக்க மனசு வரவில்லை.

அதில் இருக்கும் வருடம் 1926. கல் வைப்பதற்கு முந்தின வாரமே நான் பார்த்துவிட்டேன்.