இடது பக்கத்து ஸ்பீக்கர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது... இது என் சிநேகிதன் தெக்சு இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா மகனுக்கு நடந்தது. பெயர் மான்ஹோ. அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் இதை நான் நம்புகிறேன்.

நவம்பர் மாதம். சாயங்காலம் ஏழு மணி. இன்ச்சோன் ஊரில் குன்றின் மேல் ஏறும் ஒரு ரோடு... ஆள் நடமாட்டமே கிடையாது. மேலே அவன் குடியிருக்கிற பழைய அடுக்குமாடியை இடிக்கப் போகிறார்கள் என்று பாதிப் பேர் காலி செய்துவிட்டார்கள். தெருவிளக்கும் ஒன்று எரிந்தால் ஒன்று எரியாது. அந்த ரோட்டில் மான்ஹோ ஒரு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறுகிறான். உள்ளே ஐந்து ஸ்பீக்கர்.

இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கடா ஸ்பீக்கர் என்பீர்கள். எல்லாம் அவன் மனைவி இன்சுக்குக்காக. அவளுக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதில் மிஷின் வைத்தால் கேட்கும். அதுவும் நாளாக நாளாக மங்கிவிடும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவை... நாலு பக்கமும் மழை பெய்யுற மாதிரி ஒரு படம் கேக்கணுங்க" என்றாள் இன்சுக்.

மழையைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. தன் குரல் அவளுக்குக் கேட்காமல் போய்விடுமே என்றுதான் அவன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் இத்தனை வருஷமாக விட்டதில்லை. இப்போது போனில் கேட்டால் சிரிக்கிறார். "இடிக்கிற சுவருதானேப்பா! சுரங்கமே தோண்டிக்கோ போ!"

சுவரில் ட்ரில் போடுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்துக்கு அரிசிப் பலகாரம் கொடுத்து, சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தலை குனிந்து சொல்லிவிட்டு வருவது நம் வழக்கம். மான்ஹோவும் போனான். மேல் வீட்டுக்குக் கொடுத்தான். கீழ் வீட்டுக்குக் கொடுத்தான். சுவரை ஒட்டிய பக்கத்து வீடு, எழுநூற்று நாலு... அது காலி. கதவில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. நம்பர் அழுத்தித் திறக்கிற பட்டன் பூட்டைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டு இருந்த இடத்தில் வட்டமாய் ஓர் ஓட்டை. காலி வீட்டுக்கு யார் பலகாரம் கொடுப்பார்கள்? அதைத் தாண்டி வந்துவிட்டான்.

நாலு ஸ்பீக்கரை மாட்டினான். ஐந்தாவது, சோபாவுக்கு இடது பக்கம், எழுநூற்று நாலோடு ஒட்டிய சுவரில். ட்ரில் உள்ளே போகப் போக... கடகடவென்ற சத்தம் சட்டென்று நின்று, ட்ரில் மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே இழுத்தான். ஓட்டையிலிருந்து சில்லென்று காற்று. கூடவே அப்போதுதான் வடித்த சோற்றின் வாசனை. கேஸ் இணைப்பே துண்டித்துவிட்ட வீடு அது. ஓட்டையில் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, ஸ்பீக்கரை வைத்து ஸ்க்ரூவை முறுக்கிவிட்டான்.

அன்று படம் போட்டார்கள். நாலு பக்கமும் மழை. இன்சுக் கண்ணை மூடிக்கொண்டு சிறு பிள்ளை மாதிரி சிரித்தாள். திடீரென்று இடது பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, கூப்பிட்டீங்களா?"

அவன் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறான். வாய் நிறைய ஆரஞ்சுச் சுளை.

"நானா? இல்லையே!"

"விளையாடாதீங்க. இந்தக் காதுல கேட்டுச்சு..." என்று செத்த காதைத் தொட்டுக் காட்டினாள்.

பாவம், அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் டிவி அணைந்திருந்தது. அப்போதும் திரும்பினாள். அவன் ஒயரைப் பிடுங்கினான். அப்போதும் திரும்பினாள். ஸ்பீக்கரையே கழற்றினான். அவள் எழுந்துபோய் இடது காதை அந்த ஓட்டையில் வைத்துக்கொண்டாள். அவள் தூங்கினதும் வெள்ளை சிமெண்டைக் குழைத்து ஓட்டையை அடைத்தான். காலையில் பார்த்தால் தரையில் சிமெண்ட்... இவன் வீட்டுத் தரையில். உள்ளிருந்து ஒரு விரல் தள்ளியது போல உருண்டையாய்க் கிடந்தது.

வலது காது போனது அந்த வாரம்தான். மிஷின் வைத்தும் பயனில்லை. அவள் முகத்துக்கு நேரே நின்று "இன்சுக்! இன்சுக்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். அவள் சிரிக்கவும் மாட்டாள். சுவரிடம் திரும்பி, "இருங்க, இருங்க, வர்றேன்" என்பாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று அழுதானாம்.

அடுக்குமாடியின் காவல்காரத் தாத்தாவிடம் போனான். "ஐயா, எழுநூத்தி நாலுல யாரு இருந்தாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அட... முகமே ஞாபகம் வரலையேப்பா. சரி, சுவத்துல ஓட்டை போட்டியே, அவங்ககிட்ட சொல்லிட்டா போட்ட?"

"யாருமே இல்லாத வீட்டுல யாருகிட்டங்க சொல்றது?"

"அதுவும் சரிதான்..." என்றார். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

மான்ஹோ பலகாரக் கடைக்கு ஓடினான். கடைக்காரம்மா கேட்டாள். "செவப்புப் பயறு தூவினதா, வெறும் வெள்ளையா? காத்து கறுப்புக்குன்னா செவப்புதான். அதக் கண்டா அண்டாது."

அவன் யோசித்தான். தப்பு செய்தது நான். கேட்காமல் அடுத்தவர் சுவரைத் துளைத்துவிட்டு, சிவப்பைக் காட்டி விரட்டவும் செய்தால் கோபம் இன்சுக் மேல்தானே திரும்பும்? மன்னிப்புத்தான் கேட்க வேண்டும்.

"வெள்ளையே குடுங்க" என்றான்.

பலகாரத்தைத் தட்டில் வைத்து எழுநூற்று நாலின் கதவு முன்னால் வைத்தான். குனிந்து கும்பிட்டான். "தெரியாமப் பண்ணிட்டேங்க. அவளை விட்டுடுங்க..."

மறுநாள் காலை இன்சுக்குக்கு அவனே தலை வாரிவிட்டான். பயனில்லை என்று தெரிந்தும் மிஷினை அவள் காதில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பினான். அவன் வீட்டு வாசலில் அந்தத் தட்டு... கழுவித் துடைத்து வைத்திருந்தது.

பக்கத்து வீட்டுத் தட்டை நாம் வெறுமனே திருப்பித் தர மாட்டோமே. தட்டின் நடுவில் ஒரு சின்னப் பொருள். குனிந்து பார்த்தான். இன்சுக்கின் காது மிஷின். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அதை எடுத்துத் தன் காதில் வைத்தான். இரைச்சல். ஒரு கீச்சொலி. அப்புறம் தெளிவாக ஒரு குரல். "இன்சுக்... இன்சுக்..." கல்யாணமான புதிதில் அவன் கூப்பிட்ட அதே குழைவு. அது அவன் குரல். அவனோ வாயே திறக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து அவள் பதில் சொன்னாள். "இதோ வந்துட்டேங்க!"

அவன் பாய்ந்து தன் கதவின் பட்டன்களை அழுத்தினான். தப்பு. மறுபடி அழுத்தினான். மறுபடியும் தப்பு. "இன்சுக், போகாதே, அது நான் இல்லே! நான் இங்கே இருக்கேன்!" என்று கதவை அறைந்தான்.

உள்ளே செருப்புச் சத்தம் சுவர்ப்பக்கம் போனது... நின்றது. அப்புறம், கதவு சாத்தினதும் பட்டன் பூட்டு தானே விழுந்துகொண்டு பாடுமே, அந்தச் சின்ன மெட்டு. டி-ரி-ரிங்.

அவன் கதவு இன்னும் திறக்கவே இல்லை. சத்தம் வந்தது எழுநூற்று நாலிலிருந்து... பூட்டே இல்லாத அந்தக் கதவிலிருந்து.