அங்க அடையாளங்கள்

கல்லூரி விண்ணப்பத்தை எடுத்த எடுப்பில் மையால் எழுதக் கூடாது. முதலில் ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகுதான் பாரத்தைத் தொட வேண்டும். இதைப் பதினாறு வருஷமாகப் பெற்றோர்களிடம் சொல்லி வருகிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை. பிறந்த தேதிக்கான கட்டத்தில் அப்பன் பெயரை எழுதிவிட்டு, பிளேடால் சுரண்டி ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இந்த வாக்குமூலத்தையும் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஐயா. அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் சிவப்பிரகாசம். செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் சாலையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கிளார்க். பள்ளியின் பெயரை இதில் இழுக்க வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் பிள்ளைகள் கைக்குப் போகும். ஜூன் மாதம் வந்தால் என் மேஜையைச் சுற்றி ஊர்வலம்தான்.

முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் தகப்பன் என்னிடம் வந்து நிற்க மாட்டான். அந்தப் பிள்ளையைக் கல்லூரிகளே கூப்பிட்டுக்கொள்ளும். பெயிலான பிள்ளையின் தகப்பனும் வருவதில்லை. நாலு அறை கொடுத்து, செப்டம்பரில் மறுபடி எழுதச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். நடுவில் இருக்கிற பிள்ளையைப் பெற்றவன்தான் பாவம். பாஸாகிவிட்டான் என்று மிட்டாய் கொடுத்திருப்பான், பிறகு ஒரு கல்லூரியும் பிள்ளையைச் சீண்டாது. கோபப்படவும் வழியில்லை, சந்தோஷப்படவும் வழியில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். 1972-ல் அது என் வீட்டுக் கண்ணாடியிலேயே தெரிந்தது.

என் மகன் மூர்த்தி அறுநூறுக்கு இருநூற்று எழுபத்தொன்று வாங்கியிருந்தான். சோம்பேறி இல்லை. விடியற்காலை எழுந்து படிப்பான், எழுதும்போது பாதி மறந்துவிடுவான். பேச்சிலும் கொஞ்சம் திக்கும். ஏழு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். என் மனைவி ஞானம்பாள் ஒவ்வொரு உறையின் மூலையிலும் மஞ்சள் தடவினாள். ஆறு இடத்திலிருந்து பதிலே வரவில்லை. ஏழாவதாக, புதிதாகத் திறந்த ஒரு கல்லூரியிலிருந்து இண்டர்வியூ கார்டு வந்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

கதவு திறந்தேதான் இருந்தது, நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே மூன்று பேர். முதல் கேள்வி, அப்பா பெயர் என்ன. "சி... சி..." என்றான். மறுபடியும் "சி..." என்றான். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் சிரித்துவிட்டார். அவன் திரும்பி வாசல் வழியாக என்னைப் பார்த்தான். பெற்ற தகப்பன் பெயரைச் சொல்ல முடியாமல் என் பிள்ளை அழுததை நான் உட்கார்ந்து பார்த்தேன், ஐயா. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவன் பிழைக்க மாட்டான் என்ற பயம் மட்டும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

அந்த வாரத்தில்தான் திருச்சியிலிருந்து தனகோடிக்குக் கார்டு வந்தது.

தனகோடி மூர்த்தியின் வகுப்புதான். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பையன். அப்பா கன்னியப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா செங்கம்மாள் கூடை மீன் விற்பவள். பையன் நானூற்று அறுபத்தெட்டு. ஹாஸ்டலோடு இடம் தருகிற கல்லூரி என்பதால் திருச்சிக்கு மட்டும் போட்டான். அந்த விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். பதில் பள்ளி முகவரிக்கு வரும்படி எழுதினேன். குடிசையில் மழைக்கு நனைந்துவிடும் என்று அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை என் பீரோவிலேயே வைத்திருக்கச் சொன்னவளும் செங்கம்மாள்தான். "ஒங்கிட்ட இருந்தா பத்தரமா இருக்கும் சார்" என்றாள். பத்திரமாகத்தான் இருந்தது.

கார்டை இரண்டு நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். தனகோடி தினமும் வந்து, "கார்டு வந்துச்சா சார்?" என்று கேட்பான். முதல் நாள் "வரலைப்பா" என்றது ஒரு யோசனையும் இல்லாமல் வாயில் வந்தது. இரண்டாம் நாள் யோசித்துத்தான் சொன்னேன். அந்தப் பையன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். கடல் இருக்கிறது, வலை இருக்கிறது, நல்ல மூளை இருக்கிறது. என் பிள்ளைக்கு இதில் ஒன்றும் இல்லை. யாருக்குத் தேவை அதிகமோ அவருக்குப் போகட்டும் என்று நினைத்ததில் இன்றைக்கும் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டுகிற வழக்கம் அப்போது அங்கே இல்லை. ஆளை அடையாளம் காட்டுவது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் இரண்டு வரிதான். தனகோடிக்கு அதை எழுதியவன் நானே. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சட்டையைத் தூக்கச் சொல்லி, மச்சம் தேடி எழுதுவோம். ஒன்று, வலது கன்னத்தில் மச்சம். இரண்டு, இடது முன்கையில் தீக்காயத் தழும்பு.

மச்சம் சுலபம். சலவைக்காரர் துணியில் குறி போடுகிற சேங்கொட்டைப் பாலை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும், போகவே போகாது. தழும்புக்குத்தான் கரண்டிக் காம்பைக் காய்ச்ச வேண்டியிருந்தது. ஞானம்பாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. இருக்கிறத வச்சி எங்கயாவது கடையில சேத்து வுட்டுடலாம்" என்று அழுதாள்.

மூர்த்தி அழவில்லை. "எவ்ளோ பெருசா வேணும்பா?" என்று கேட்டான். ஒன்றரை அங்குலம் என்றேன். அளந்து எழுதியவன் ஆயிற்றே, எனக்கு நினைவிருந்தது. இண்டர்வியூவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்ததால் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு நாளும் காலையும் மாலையும் அவனை எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்டேன். பெயர், தனகோடி. அப்பா பெயர், கன்னியப்பன். அந்தப் பெயரில் அவனுக்குத் திக்கு வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அனுகூலம் அனுகூலம்தானே.

இடம் கிடைத்தது. ஊரில் கேட்டவர்களிடம் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்றேன். நாங்கள் சைவம், ஆனாலும் ஹாஸ்டலில் மீன் போட்டால் வேண்டாம் என்று சொல்லாதே, குப்பத்துப் பிள்ளை மீனை ஒதுக்கினால் சந்தேகம் வரும் என்று எழுதினேன். பழகிக்கொண்டான். இப்போது விரும்பியே சாப்பிடுகிறான் என்று கேள்வி.

தனகோடி சும்மா இருந்திருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆகஸ்டில் ஒருநாள் வந்து புத்தகத்தைக் கேட்டான். மெட்ராஸில் ஒரு கல்லூரியில் இடம் காலியிருக்கிறதாம், நேரில் போய்க் கேட்கப் போகிறானாம். புத்தகம் திருச்சியில் இருந்தது. தணிக்கைக்காக மெட்ராஸ் ஆபீஸுக்குப் போயிருக்கிறது என்றேன். "அப்ப நா ஆபீஸ்லயே போயி வாங்கிக்கறேன் சார், எந்த ஆபீஸுன்னு மட்டும் சொல்லு சார்" என்றான். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை. நானே கூட்டிப் போகிறேன் என்றேன்.

செங்கல்பட்டிலிருந்து காலை பாசஞ்சர். அவன் ரயிலில் ஏறுவது அதுதான் முதல் தடவை. உட்காரவே மாட்டேன் என்றான். கொளவாய் ஏரி தெரிந்ததும் வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைக்குள் காற்றுப் புகுந்து புடைத்தது. அந்தப் பெட்டியில் எங்களைத் தவிர ஒரு கிழவர், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் நானும் போய் அவன் பின்னால் நின்றேன். கீழே விழுந்துவிடப் போகிறானே என்றுதான் முதுகில் கை வைத்தேன்.

"சார், மூர்த்தி எந்தக் காலேஜுல சேந்துகீறான்?" என்று கேட்டான். சந்தோஷமாகத்தான் கேட்டான். அவனிடம் பொறாமை கிடையாது.

அந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்திருக்கவில்லை. கை முதுகில்தான் இருந்தது. அதை எடுப்பதற்குப் பதிலாக நீட்டினேன். அவ்வளவுதான்.

எழும்பூரில் ஒரு டிக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இன்னொன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆபீஸ் வேலைகளை முடித்துக்கொண்டு சாயங்காலம் குப்பத்துக்குப் போய், பையன் எழும்பூரிலேயே என்னை விட்டு நழுவிவிட்டான், பம்பாய் போய்ச் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னான், என்று செங்கம்மாளிடம் சொன்னேன். நான்கு நாள் கழித்துப் பேப்பரில் மூன்று வரி வந்தது. ஊரப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் தண்டவாள ஓரத்தில் அடையாளம் தெரியாத வாலிபர் பிரேதம் என்று போட்டிருந்தார்கள். அடையாளம் பள்ளிப் பதிவேட்டில் என் எழுத்திலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு மூன்றரை வருஷம் செங்கம்மாள் மாதம் ஒரு தடவை பள்ளிக்கு வந்தாள். "பம்பாய்லேந்து லெட்டர் எதுனா வந்துச்சா சார்?" என்று கேட்பாள். எங்கள் வீட்டில் மீன் சேராது என்பதால் எனக்காக ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவருவாள். நான் வாங்கிக்கொள்வேன். வாங்காவிட்டால் அவள் மனசு கஷ்டப்படும். அவள் போனபிறகு தாங்க முடியாமல் தலையை மேஜையில் வைத்துக்கொண்டு கிடந்த நாட்களும் உண்டு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்து, நல்லது செய்வதாக நினைத்துக் கல்லூரி ஒரு காரியம் செய்தது. மீனவர் பிள்ளை, தகப்பனில்லாதவன், உபகாரச் சம்பளத்துக்கு எழுதிப் போடலாம் என்று தாயாரின் கையெழுத்துக் கேட்டு, விண்ணப்பத்தில் இருந்த வீட்டு விலாசத்தைப் பார்த்து நேராகக் குப்பத்துக்கே கடிதம் போட்டுவிட்டார்கள். தபால்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். செங்கம்மாள் கூடையைக்கூட இறக்காமல் என் மேஜைக்கு ஓடி வந்தாள்.

"சார், எம்புள்ள உசுரோட கீறான் சார். பம்பாயும் இல்ல ஒண்ணும் இல்ல, திருச்சில காலேஜு படிச்சிகினு கீறானாம். நீதான் என்ன இட்டுகினு போவணும். ஒன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

நான் மறுத்தால் தபால்காரரோடு போவாள். சரி என்றேன். பகல் வண்டியில் போனோம். மடியில் ஒரு மூட்டை வைத்திருந்தாள். மகனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு. வழியில் இரண்டு தடவை எழுந்து போய் வாசல் பக்கம் காற்றுக்காக நின்றாள். இரண்டு தடவையும் நானும் எழுந்தேன். இரண்டு தடவையும் அந்த மூட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அடிப்படையில் கெட்டவன் இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிரின்சிபால் அறைக்கு மூர்த்தியை வரவழைத்தார்கள். வெள்ளைச் சட்டை, மீசை, நல்ல உயரம். செங்கம்மாள் எழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், பிறகு இடது கையைப் பிடித்துத் தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இவன் எம்புள்ள இல்ல" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "இது கஞ்சிப் பான கவுந்து எம்புள்ளைக்குச் சுட்ட தழும்பு. இவங்கைக்கு எப்டி வந்துச்சி? சொல்லு சார். எம்புள்ள எங்க?"

மூட்டை கீழே விழுந்து அவிழ்ந்தது. நான் குனிந்து கருவாட்டைப் பொறுக்கினேன். 

உங்களுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் பிரின்சிபால் என் மகனிடம் மூன்று கேள்வி கேட்டார். அந்தப் பதில்களை அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னான். ரயில் விஷயம் அவனுக்குத் தெரியவே தெரியாது. ஏப்ரலில் அவனுக்குக் கடைசி வருஷப் பரீட்சை. ஹால் டிக்கெட் தனகோடி என்ற பெயரில் வந்திருக்கும். பெயர் திருத்தத்துக்கு எழுதிப்போட்டால் இரண்டு மாதமாவது ஆகும் என்பது என் அனுபவம். ஆகையால் பரீட்சை முடியும்வரை அந்தப் பெயரை அப்படியே விட்டுவைக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி எல்லாம் நான் செய்தது. தனகோடியைக் கொன்றது நான்தான்.

முதலில் செங்கம்மாளைக் காட்டி, "இவங்க யாரு?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"எங்க அம்மா சார். மனசு சரியில்லாம இருக்காங்க."

"அப்பா பேரு?"

"கன்னியப்பன்."

பிரின்சிபால் தரையில் குனிந்திருந்த என்னைக் காட்டி, "இவர் யாரு?" என்றார்.

மூர்த்தி என்னைப் பார்த்தான். முன்பு ஒருநாள் வாசல் வழியாகப் பார்த்த அதே கண்தான். ஆனால் இந்தத் தடவை கலங்கவில்லை.

"தெரியும் சார். எங்க ஸ்கூல் கிளார்க்கு."

ஒரு எழுத்துக்கூடத் திக்கவில்லை, ஐயா. கையில் கருவாட்டோடு தரையில் இருந்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பிள்ளை தேறிவிட்டான்.