இரண்டு தலை லேத்

இமாஸ்: நிறுத்துங்க, நிறுத்துங்க! மிதியில இருந்து காலை எடுங்க!

தார்யா: எடுத்துட்டேன்... என்ன ஆச்சு?

இமாஸ்: நீங்களே பாருங்க. குழாய் ஒரு பக்கமா தொப்பை போட்டுடுச்சு.

தார்யா: என்னை மாதிரி.

இமாஸ்: உங்க தொப்பையாவது நேரா முன்னாடி இருக்கு, காங் தார்யா. இது சுவரேறி யோயோ அக்கா வீட்டை எட்டிப் பாக்குது.

தார்யா: சூடு ஜாஸ்தி காட்டிட்டீங்களோ?

இமாஸ்: பத்தொன்பது வருஷமா கண்ணாடி ஊதறவகிட்ட சூட்டைப் பத்திப் பேசாதீங்க. என் நெருப்பு சரியாத்தான் இருக்கு. உங்க வலது பக்கத் தலைதான் ஆடுது.

தார்யா: என் தலையா?

இமாஸ்: லேத்தோட தலை! குழாயைக் கவ்வுற இடது சக்கு ஒரு உயரம், வலது சக்கு ஒரு உயரம். கண்ணாடி இளகினதும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம தள்ளாடுது.

தார்யா: மயிரிழைதான் வித்தியாசம்.

இமாஸ்: கண்ணாடிக்கு அது மலை. ஒரு முனையும் இன்னொரு முனையும் ஒண்ணா சுத்தணும்னுதானே ரெண்டு சைக்கிள் செயினைப் பிரிச்சு ஒரே தண்டுல மாட்டினோம்? செயின் சரியாப் போச்சு. தையல் மெஷின் மோட்டார் சரியாப் போச்சு. இந்த உயரம் மட்டும்... இன்னிக்கு எத்தனாவது ஞாயித்துக்கிழமை, சொல்லுங்க?

தார்யா: பத்து... பதினொண்ணு இருக்குமா?

இமாஸ்: பதினாலு.

தார்யா: எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?

இமாஸ்: யோயோ அக்கா எண்ணுறாங்க. "உன் ஆளு லேத்து செய்யறாரா, பள்ளிவாசல் கட்டுறாரா"ன்னு போன வாரம் கேட்டாங்க.

தார்யா: உன் ஆளுன்னா சொன்னாங்க?

இமாஸ்: அது மட்டும் நல்லா காதுல விழுந்துச்சா? இன்னொண்ணும் கேட்டாங்க. "காங் காங்னு கூப்பிடுறியே... நம்ம ஊர்ல அண்ணனும் காங், கட்டினவனும் காங். இது எந்தக் காங்?"

தார்யா: நீங்க... என்ன சொன்னீங்க?

இமாஸ்: லேத்துக் காங்னு சொன்னேன்.

தார்யா: ம்.

இமாஸ்: என்ன ம்? ஸ்பானரை எடுங்க. இல்ல, முதல்ல இந்த போண்டாவைச் சாப்பிடுங்க, ஆறிப்போகுது. மழையில நனைஞ்சுக்கிட்டே மஜலாயால இருந்து பைக்ல வந்திருக்கீங்க. தலையைக்கூடத் துவட்டல.

தார்யா: லேத்தோட தலையா?

இமாஸ்: உங்க தலை! துண்டு அங்க தொங்குது பாருங்க.

தார்யா: கேரட்டு நிறையப் போட்டிருக்கீங்க.

இமாஸ்: உங்களுக்குப் பிடிக்கும்னு... சும்மா, வீட்டுல இருந்தது, போட்டேன்.

தார்யா: ஒண்ணு கேக்கணும். இந்த ஆக்சிஜன் சிலிண்டர் போன வாரம் முழுசா இருந்தது. இப்ப முள்ளு பாதிக்கு வந்திருக்கு. கசியுதா என்ன?

இமாஸ்: அது... சின்னச் சின்ன வேலை. கையில சுத்தியே செய்யறது. காலேஜுக்கு பத்துச் சோதனைக் குழாய் கேட்டாங்க.

தார்யா: பத்துக் குழாய்க்கு இவ்வளவா?

இமாஸ்: போலீஸ்காரர் மாதிரிக் கேக்காதீங்க. கருத் ஊர்ல வெட்டிவேர் எண்ணெய் காய்ச்சறாங்களே, அவங்களுக்கு வேணும்ங்கறது முழங்கைத் தடிமன் குழாய். அதைக் கையில தாங்கிச் சுத்தினா என் மணிக்கட்டு போயிடும். அதுக்குத்தானே இந்த லேத்து. வாங்க, இன்னொரு தடவை பாப்போம். புதுக் குழாய் மாட்டிட்டேன்.

தார்யா: மெதுவா மிதிக்கவா?

இமாஸ்: மெதுவா. நான் ஊதற ரப்பர் குழாயை வாயில வெச்சிட்டா பேச முடியாது, தெரியுமில்ல? கையைத் தூக்கினா வேகம், இறக்கினா நிறுத்தம்.

தார்யா: தெரியும்.

இமாஸ்: பத்த வெச்சாச்சு... ம்.

தார்யா: சுத்துது. நல்லாத்தான் சுத்துது. சிவக்குது பாருங்க... ஊதலாமா?

இமாஸ்: ம்ம்.

தார்யா: இமாஸ்... ஒரு விஷயம் சொல்லணும்.

இமாஸ்: ம்?

தார்யா: நீங்க ஊதுங்க, நான் பாட்டுக்குச் சொல்லிடறேன். மில்லுல தறி பாதிக்கு மேல நிறுத்திட்டாங்க. ரிப்பேர்காரனுக்கு அங்க என்ன வேலை? பாத்தாம் தீவுல கப்பல் பட்டறையில ஆள் கேட்டாங்க. எழுதிப் போட்டேன், கூப்பிட்டுட்டாங்க.

இமாஸ்: ம்ம்?

தார்யா: அம்மா இருந்த வரைக்கும் அவங்களை விட்டு எங்கயும் நகர முடியல. போன நோன்புல அவங்களும் போயிட்டாங்க. இனி மஜலாயால என்னைக் கேக்க ஆளில்ல. அதனால... செவ்வாய்க்கிழமை கிளம்புறேன்.

இமாஸ்: ம்ம்ம்ம்!

தார்யா: ரெண்டு வருஷம்னு சொல்றாங்க, அதுக்கு மேலயும்... ஐயோ, பாத்து! பாத்து! பின்னால போங்க! கண்ணுல பட்டுச்சா? கையைக் காட்டுங்க!

இமாஸ்: ஒண்ணுமில்ல. விடுங்க.

தார்யா: பலூன் மாதிரி வெடிச்சிடுச்சே! ஏன் அப்படி ஊதினீங்க?

இமாஸ்: ஏனா? வாயில குழாயை வெச்சிருக்கும்போது யாராவது இப்படி ஒரு சேதியைச் சொல்வாங்களா?

தார்யா: அதனாலதான் அப்பச் சொன்னேன்.

இமாஸ்: எதனால?

தார்யா: நீங்க பதில் சொல்ல முடியாதுன்னு. நீங்க "சரி, போயிட்டு வாங்க"ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டா... அதைக் கேக்கற தெம்பு எனக்கு இல்ல. சரி, இப்பக் குழாய் வாயில இல்லியே. ஏதாவது சொல்லுங்க.

இமாஸ்: கீழ கண்ணாடித் துண்டு கிடக்கு. வெறுங்காலோட நிக்காதீங்க.

தார்யா: அவ்வளவுதானா?

இமாஸ்: செவ்வாய்க்கிழமைன்னா நாளை மறுநாள். அப்ப இன்னிக்கே இந்த லேத்து முடியணும். அரைகுறையா விட்டுட்டுப் போனா நான் யாரைக் கூப்பிடுவேன்?

தார்யா: முடிச்சிடலாம். பத்து நிமிஷம்.

இமாஸ்: பதினாலு வாரமா முடியாதது பத்து நிமிஷத்துலயா?

தார்யா: நீங்க அந்தத் துடைப்பத்தை எடுத்துட்டு வாங்க. அதுக்குள்ள பாக்கறேன்.

இமாஸ்: துடைப்பம் அடுப்பங்கரையில இருக்கு.

தார்யா: அதான் போயி எடுத்துட்டு வாங்கன்னேன்.

இமாஸ்: சரி சரி... போறேன்.

தார்யா: வந்துட்டீங்களா? அதுக்குள்ளயா?

இமாஸ்: கிழக்குத் தெருவுலயா இருக்கு என் அடுப்பங்கரை? என்ன பண்ணீங்க?

தார்யா: போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்கினேன். குழாய் மாட்டுங்க. இந்த தடவை பேச மாட்டேன்.

இமாஸ்: பேசாதீங்க... ம்.

தார்யா: ...

இமாஸ்: ம்ம்...

தார்யா: அடேயப்பா.

இமாஸ்: ம்!

தார்யா: பேசல, பேசல... பந்து மாதிரி வருது... இன்னும் கொஞ்சம்... காலை எடுக்கறேன். நின்னுடுச்சு.

இமாஸ்: நெருப்பை இறக்குறேன்... பாருங்க, காங். எந்தப் பக்கமும் சாயல. கம்பாசு வெச்சு வரைஞ்ச மாதிரி உருண்டையா இருக்கு.

தார்யா: சந்தோஷமா?

இமாஸ்: சந்தோஷம்தான்.

தார்யா: முகத்துல காணோமே.

இமாஸ்: புகை. கண்ணு எரியுது.

தார்யா: சரி... ஸ்பானர் எல்லாம் பையில போட்டுட்டேன். பெரிய ஸ்பானர் உங்ககிட்டயே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் விடுங்க. பல்சக்கரத்துல துணி மாட்டாம பாத்துக்கங்க, அந்தத் துப்பட்டாவை இடுப்புல சொருகிக்கங்க.

இமாஸ்: ம்.

தார்யா: குழாயும் வாயில இல்ல, ஆனா ம்-ங்கறீங்க.

இமாஸ்: காங், உக்காருங்க. நான் ஒண்ணு கேப்பேன், நேரா பதில் சொல்லணும். பத்து நிமிஷத்துல என்ன பண்ணீங்க? போல்ட்டை முடுக்கினா உயரம் மாறாது. நானும் இந்த லேத்துக்குப் பக்கத்துலதான் பதினாலு வாரமா நிக்கறேன். சட்டைப் பையில கையை விட்டீங்களே. நான் வாசல்ல இருந்து பாத்தேன்.

தார்யா: பாத்துட்டீங்களா...

இமாஸ்: சொல்லுங்க.

தார்யா: ஒரு தகரத் துண்டு. விரல் நீளம். வலது தலைக்கு அடியில சொருகினா உயரம் சரியாயிடும். அவ்வளவுதான் வேலை.

இமாஸ்: இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சீங்களா?

தார்யா: இல்ல.

இமாஸ்: எப்ப?

தார்யா: மூணாவது ஞாயித்துக்கிழமை.

இமாஸ்: அப்ப பதினொரு வாரமா...

தார்யா: பையிலயே வெச்சிருக்கேன். சட்டை மாத்தும்போது அதையும் மாத்தி வெச்சுக்குவேன். திட்டுங்க, பரவாயில்ல. உங்க வேலை எவ்வளவு கெட்டிருக்கும்... கருத்காரங்க எத்தனை தடவை கேட்டிருப்பாங்க... ராத்திரி படுத்தா அதான் உறுத்தும். ஆனா சனிக்கிழமை வந்தா மறந்துடும்.

இமாஸ்: எதுக்கு அப்படிப் பண்ணீங்க?

தார்யா: லேத்து முடிஞ்சிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை எதைச் சாக்கு சொல்லி இங்க வருவேன், இமாஸ்? நாப்பத்தெட்டு வயசுல ஒரு ஆம்பளை ஒரு பொம்பளை வீட்டு வாசல்ல சும்மா வந்து நிக்க முடியுமா? இரும்போட பேசற அளவுக்கு மனுஷங்களோட எனக்குப் பேசத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ரிப்பேர் ஒண்ணுதான். அதான்... ரிப்பேரை முடிக்காம வெச்சிருந்தேன். உங்க வீட்டுக்காரர் கொசாசி காலமாகி ஆறு வருஷமாச்சு. உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் பயம். அதான் பாத்தாமுக்கு எழுதிப் போட்டேன். தூரமாப் போயிட்டா பழகிடும்னு.

இமாஸ்: "உன்" மனசுன்னீங்க.

தார்யா: வாய் தவறி...

இமாஸ்: தவறட்டும்.

தார்யா: சிரிக்கிறியா, அழறியா? ரெண்டும் சேர்த்துப் பண்ணினா எனக்கு ஒண்ணும் புரியல. கோபமா? ஏமாத்திட்டேன்னு இருக்கா? ஒரு வார்த்தை சொல்லு, இமாஸ். செவ்வாய்க்கிழமை நான் போகவா, இருக்கவா?

இமாஸ்: அந்த பிஸ்கட் டப்பா மூடியைப் பாருங்க, ஓரத்துல விரல் நீளத்துக்கு வெட்டியிருக்கா? மூணாவது ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்பிப் போன மறுநாளே எனக்கும் பிடிபட்டுடுச்சு. வாரா வாரம் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் இந்த லேத்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, கருத் ஊருக்கு முப்பது குழாய் அனுப்பிட்டேன்... சனிக்கிழமை சாயங்காலம் ஆனா நானே என் தகட்டை உருவி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிடுவேன், காங். மறுநாள் நீங்க வரணுமே.