எட்டாவது பாட்டு

டீ ஆறிவிடப் போகிறது, குடியுங்கள் சார். போபோடியில் இந்த ஒரு கடைக்காரன்தான் இஞ்சியை ஒழுங்காகத் தட்டிப் போடுகிறான்.

மியூசிக் புரொட்யூசர் என்றால் என்ன வேலை என்று எல்லோரும் கேட்பார்கள். பாடுகிறவர் பாடுகிறார், தபலாக்காரர் வாசிக்கிறார், நீ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து என்னதான் கிழிக்கிறாய் என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார். எது சரி, எதை இன்னொரு முறை பாட வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை. கேசட் முடிந்ததும் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் கட்கி பஜாரில் எதிரே வந்தாலும் என்னை அடையாளம் தெரியாது.

உங்கள் மகள் கோதை அப்படியில்லை. பக்கத்து லேத் பட்டறைக்கு வியாழக்கிழமை விடுமுறை, சத்தம் இருக்காது என்பதால் அன்றுதான் இங்கே பாட்டுப் பதிவு. தொண்ணூற்றொன்பது ஜூனிலிருந்து வியாழன்தோறும் வந்தாள். “சாப்டேளா அண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் மைக் முன்னால் போய் நிற்பாள். இந்த மராட்டிக்கார ஊரில் என்னிடம் தமிழில் அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

மொத்தம் எட்டுப் பாட்டு. ஏழு முடிந்திருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று பொங்கலுக்குள் டேப் கேட்டிருந்தது.

“அவாளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா நான் மெட்ராஸுக்கே போயிடுவேண்ணா” என்றாள். எட்டாவது பாட்டை அன்றைக்கு முதல் தடவையிலேயே அப்பழுக்கில்லாமல் பாடினாள்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பாடியதைத் திரும்பப் போட்டுக் காட்டும்போது, சுருதி மாற்றும் மெஷினில் அவள் குரலை மட்டும் ஒரு மயிரிழை இறக்கினேன். தம்புராவைத் தொடவில்லை, அதனால் அவள் சுருதி தப்பிப் பாடியதுபோலக் கேட்டது. அவள் முகம் விழுந்துவிட்டது.

“பாடறச்சே சரியாத்தானே இருந்துது?”

“பாடறவங்களுக்கு அப்படித்தாம்மா கேக்கும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும். முடிந்த ஏழு பாட்டையும் போட்டுக் காட்டச் சொன்னாள். அவற்றையும் இறக்கித்தான் காட்டினேன். பொங்கல் போயிற்று. நீங்கள் காது டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள். குறை ஒன்றுமில்லை என்றார் அவர். கோதை அவரை நம்பவில்லை, என்னை நம்பினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நாற்பத்தோராவது டேக்கில் பாதிப் பாட்டில் நிறுத்தி, ஹெட்போனை மெதுவாக வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை.

இப்போது நீங்கள் வந்து, “மூணு வருஷமா அவ பாடவே இல்லை, கோவிந்தராஜ். கல்யாணமாகிக் கொழந்தையும் பொறந்தாச்சு, அது அழுதாக்கூட வாயை இறுக மூடிண்டு தூக்கிண்டு நடக்கறா. பழைய டேப் ஏதாவது இருந்தா குடுங்கோ” என்கிறீர்கள்.

எல்லாம் இந்த பீரோவில் இருக்கின்றன. கடைசியில் பாதியில் நின்றதுகூட. ஒன்றிலும் சுருதி இம்மிகூட விலகவில்லை. வியாழக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து கேட்கிறேன். தனிமை என்னைத் தின்கிறது சார், அது உங்களுக்குப் புரியாது. அவள் குரலை நான் கெடுத்தேன் என்று சொல்லாதீர்கள், இந்த உலகத்தில் அதைப் பத்திரமாக வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

டேப்பைக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அரைகுறை வேலையை வெளியே விட்டு எனக்குப் பழக்கமில்லை. வருகிற வியாழக்கிழமை கோதையை அனுப்பி வையுங்கள். அந்த எட்டாவது பாட்டுக்கு மட்டும் இன்னும் ஒரு டேக் எடுத்துப் பார்த்துவிடலாம்.